பார்க்கலாம், பைகே

கணினியில் பாட்டுப் போடுகிற ஒபோன் என்ற மென்பொருளை பிஷ்கெக் நகரில் பதினொரு பேர் சம்பளமில்லாமல் உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். யார் வேண்டுமானாலும் அதன் நிரலைத் திறந்து பார்க்கலாம், திருத்தி அனுப்பலாம், இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். பதினொரு பேரில் உருப்படியாக நிரல் எழுதியவள் சைகல் மட்டும்தான். மற்றவர்கள் ஆலோசனை சொன்னார்கள். பாட்டைத் தொடங்கும் பொத்தான் பச்சையா நீலமா என்று ஒரு குளிர்காலம் முழுக்க அடித்துக்கொண்டு, கடைசியில் அதைச் சாம்பல் நிறத்திலேயே விட்டார்கள். ஊருக்குத் தொண்டு செய்கிறோம் என்ற நினைப்பே அவர்களுக்கு வயிற்றை நிறைத்தது. ஆனாலும் ஞாயிறுதோறும் சந்தைக்குப் பின்னால் இருக்கும் தேநீர்க்கடையில் கூடி, இறைச்சி வைத்துச் சுட்ட சம்சா தின்ன ஒருத்தரும் தவறியதில்லை.

இவர்களுக்கெல்லாம் மூத்தவர் ஷெரலி பைகே. நம் ஊரில் தன்னைவிட ஒரு நாள் முன்னால் பிறந்தவனையும் பைகே என்றுதான் கூப்பிட வேண்டும். இவரோ எல்லோருக்கும் இருபது வருடம் முன்னால் பிறந்தவர். வானொலியில் செய்தி வாசித்து ஓய்வு பெற்றவர். வானொலி அவரை விட்டுவிட்டது, அவர் தன் குரலை விடவில்லை. உப்பை எடுக்கச் சொன்னாலும் தலைப்புச் செய்தி மாதிரி இருக்கும். ஒபோனுக்குப் பெயர் வைத்தவர் அவர்தான் என்பதால், யாரையும் கேட்காமல் திருத்தங்களைச் சேர்க்கும் உரிமையைச் சைகல் அவருக்கும் கொடுத்து வைத்திருந்தாள். விருந்தில் ஆட்டுத்தலையை மூத்தவர் முன்னால் வைப்பது போலத்தான். பெரியவர் காதை அறுத்துச் சின்னவர்களுக்குக் கொடுத்துவிட்டுத் தட்டைத் தள்ளி வைப்பார் என்று அவள் நம்பினாள். பைகே தலை முழுவதையும் தின்றார்.

முதலில் ஒபோனுக்குள் வானிலை வந்தது. பிறகு ராசிபலன் வந்தது. போன வியாழக்கிழமை, ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் தன் குரலில் ஒரு வணக்கவுரை வரும்படி எழுதி அனுப்பினார். சைகலுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. "பார்க்கலாம், பைகே" என்று பதில் எழுதினாள்.

பெரியவரிடம் பார்க்கலாம் என்றால் வேண்டாம் என்று அர்த்தம். பெண் கேட்டு வந்தவர்களிடம் பார்க்கலாம் என்றால் மறுபேச்சில்லாமல் எழுந்து வண்டி ஏறிவிடுவார்கள். பைகேயே முப்பது வருடம் வானொலி நிலையத்தில் எத்தனையோ பேரை அந்தச் சொல்லால் வாசலோடு அனுப்பியவர். தனக்கென்று வரும்போது மட்டும் அவர் காதில் அது சம்மதமாக விழுந்தது. வெள்ளிக்கிழமையே வணக்கவுரையைச் சேர்த்து, எல்லோருடைய கணினிக்கும் அனுப்பியும் விட்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் துராத் கூப்பிட்டான். கண் தெரியாதவன், கல்யாண மண்டபம் ஒன்றில் பாட்டுப் போடுகிற வேலை. சுட்டியைத் தொடாமல் விசைப்பலகையிலேயே எல்லாம் செய்ய முடிகிறது என்பதால் ஒபோனைத்தான் பிடித்துக்கொண்டிருந்தான்.

"சைகல், யாரும்மா அந்தக் கிழவன்?"

"எந்தக் கிழவன்?"

"கல்யாணப் பொண்ணு உள்ள வர்றா. நான் விசையைத் தட்டுறேன். 'மாண்புமிகு நேயர்களே, ஒபோன் நிறுவனர் ஷெரலியின் வணக்கம்'னு ஒருத்தன் ஆரம்பிக்கிறான். நிறுத்திட்டு மறுபடி தட்டுனா, மறுபடியும் மாண்புமிகு நேயர்களே! மண்டபமே விழுந்து விழுந்து சிரிச்சுது. மாமியார்க்காரி மட்டும் சிரிக்கலை."

"அமைப்புல போய் அதை அணைச்சுடலாமே?"

"அணைக்கிற பொத்தானைச் சுட்டியாலதான் அமுக்கணுமாம். எனக்கு அது எங்க இருக்குன்னு எப்படித் தெரியும்? நாளைக்கு மத்தியானம், நடக்க ஆரம்பிச்ச ஒரு குழந்தைக்குக் கால்நூல் அறுக்கிற விருந்து. பாட்டு ஆரம்பிச்சாத்தான் பிள்ளைங்க ஓட்டப்பந்தயம் ஓடும், ஜெயிச்ச பிள்ளை குழந்தை கால்ல கட்டின நூலை அறுக்கும். நாளைக்கும் இந்தக் கூத்து நடந்தா வேற ஆளைப் பார்த்துக்கிறேன்னு முதலாளி சொல்லிட்டாரு."

"கவலைப்படாதே துராத், நான் பார்த்துக்கிறேன்" என்றாள் சைகல். அப்போதே எடுத்துவிட அவளால் முடியும். ஆனால் பெரியவர் தட்டில் இருப்பதை அவரைக் கேட்காமல் எப்படி எடுப்பது? காலையில் தேநீர்க்கடையில் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தாள். அன்றே குழுவில் ஒருவனான எமில் அவளுக்குச் செய்தி அனுப்பியிருந்தான்: "கிழவருக்குப் பித்துப் பிடிச்சிடுச்சு. நீதான் சொல்லணும். நாங்க எல்லாரும் உன் பக்கம்."

காலையில் எல்லோரும் அவள் பக்கம்தான் உட்கார்ந்திருந்தார்கள், சம்சாத் தட்டு அங்கே இருந்ததால்.

"பைகே, அந்த வணக்கத்தை எடுத்துடலாம்" என்றாள் சைகல். "நேத்து ஒரு கல்யாணத்துல..."

"கல்யாணத்துல என் குரலா!" பைகேயின் முகம் மலர்ந்தது. "எப்படி இருந்துச்சாம்?"

"சிரிச்சாங்களாம்."

"சந்தோஷமா இருந்திருக்காங்க."

"பாட்டுப் போடுறவருக்கு வேலை போகப் போகுது, பைகே."

"ஏம்மா, நாலு பேருக்கு வணக்கம் சொல்றது ஒரு குத்தமா? நீதானே பார்க்கலாம்னு எழுதின?"

சைகல் எமிலைப் பார்த்தாள். எமில் தேநீருக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தான். "பைகே குரல்ல ஒரு கம்பீரம் இருக்குல்ல" என்றான், கிண்ணத்தைப் பார்த்தபடி. மற்றவர்கள் தலையாட்டினார்கள். தலையாட்டுவதில் மட்டும் இந்தக் குழு ஒருநாளும் பின்தங்கியதில்லை.

"பார்க்கலாம்னா வேண்டாம்னு அர்த்தம்" என்றாள் சைகல். "உங்களுக்கும் தெரியும், பைகே. இது வேண்டாம். நான் எடுக்கிறேன்."

சம்சாக்களை ஒதுக்கி மடிக்கணினியை வைத்து, எல்லோர் கண் முன்னாலும் வணக்கத்தை நீக்கிப் புதிய ஒபோனை அனுப்பினாள்.

"யார் வீட்டுப் பொண்ணும்மா நீ?" என்று பைகே செய்தி வாசிப்பது போலவே கேட்டார். பிறகு தொப்பியை எடுத்து, யாராவது கையைப் பிடித்து நிறுத்த வசதியாக மெதுவாக எழுந்தார். ஒன்பது பேரும் ஒன்றாகப் பிடித்தார்கள். சமாதானம் சொல்லிக்கொண்டே அவருடன் தெருவரை போனவர்கள் திரும்பி வரவில்லை.

பின்மதியம் சைகலே துராத்தைக் கூப்பிட்டாள்.

"பாடுச்சா?"

"பாடுச்சு. ஒரே தட்டுல. பிள்ளைங்க ஓடி, நூலையும் அறுத்தாச்சு."

சைகலுக்கு நெஞ்சு நிறைந்தது. தேநீர்க்கடையில் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். எமில் கிண்ணத்தைப் பார்த்துப் பேசியதைக்கூடச் சொன்னாள். ஒரு சபாஷ் வரும் என்று காத்திருந்தாள்.

"முதலாளியோட மருமகன் பக்கத்துல நாற்காலி போட்டு உக்கார்ந்துட்டான்" என்றான் துராத். "இனிமே விசையை அவன்தான் தட்டுவானாம். நான் பாட்டுப் பேரைச் சொன்னாப் போதுமாம். அடுத்த மாசம் அதுவும் வேண்டாம்பாங்க. நேத்தே எடுத்திருக்கலாமே, சைகல்? ராத்திரியே முதலாளிகிட்டப் போட்டுக் காட்டியிருப்பேன்."

"எடுத்திருக்கலாம்தான். ஆனா பெரியவர்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம எப்படி..."

"நானும் உன்னைவிட அஞ்சு வயசு பெரியவன்" என்றான் அவன். "என்னை ஒரு நாளாவது பைகேன்னு கூப்பிட்டிருக்கியா நீ?"

கூப்பிட்டதில்லை.