கோப்பியும் கோபியும்

எனக்குக் கண் மங்கி ஒரு வருடமாகிறது. கண் அழுத்த நோய். சிகாமட்டில் இருபத்தாறு வருடம் நிலம் அளந்தவன், இன்று என் வீட்டு வாசற்படியையே காலால் தடவித்தான் கண்டுபிடிக்கிறேன். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பெண்டாட்டி கையைப் பிடித்து நடத்திப் போவதை நாலு பேர் பார்ப்பதுதான் எனக்கு ஆகவில்லை. வெள்ளைக் கோலும் வேண்டாம், கையும் வேண்டாம் என்று வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டேன்.

வேலைக்குப் போகும் நேரம் தவிர என்னைத் தனியே விட மனமில்லாமல், என் பெண்டாட்டி தர்மினியும் கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டாள். பவளப் பாறைகளில் மீன்களைக் கணக்கெடுக்கும் தொண்டர் குழுவில் முக்குளிப்பவள் அவள். "நீங்களும் கூட வந்தா போறேன். இல்லன்னா என் பேரை அடிச்சிடச் சொல்லிடறேன்" என்றாள். அதற்காகத்தான் இந்தச் சனிக்கிழமை மெர்சிங்கில் படகேறினேன். துறையில் அவள் நீட்டிய கையைத் தட்டிவிட்டு, விழுந்து, முட்டியைப் பெயர்த்துக்கொண்டேன். யாரோ ஒரு மலாய்க்காரப் பெண் "கெசியான்" என்று பரிதாபப்பட்டாள். அந்தச் சொல்தான் முட்டியைவிட வலித்தது.

திங்கித் தீவில் ஒரு மர நிழலில் உட்கார்ந்திருந்தேன். பதினொரு மணிவாக்கில் அவள் தண்ணீரிலிருந்து ஏறி ஓடிவரும் சத்தம் கேட்டது.

"என்னங்க, கோபி!"

நாக்கு வறண்டு கிடந்தது. ஃபிளாஸ்கில் கொண்டுவந்த கோப்பியைத்தான் சொல்கிறாள் என்று கையை நீட்டினேன். கோப்பைக்குப் பதில் ஈரக் கை ஒன்று வந்து என் விரல்களை இறுகப் பற்றியது. ஒரு வருடத்தில் நானாக நீட்டிய முதல் கை என்று நினைத்துவிட்டாள்.

"கோப்பி எங்க?" என்று உதறினேன்.

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு பாதி அழுகை.

"அலமாக்! குடிக்கிற கோப்பி இல்லைங்க. கோபி. அது ஒரு மீனு."

எனக்கு முகம் சுட்டது. சமாளிக்க, "எப்படி இருக்கும்?" என்றேன்.

"உங்க நடுவிரல் நீளந்தான். நல்ல மஞ்ச. மேலெல்லாம் பொடிப்பொடியா நீலப் புள்ளி. முழி ரெண்டும் தலை உச்சியில, தவளை மாதிரி. வாய் பெருசு. எப்பவும் யார்மேலயோ கோவமா இருக்கிற மாதிரியே வெச்சிருக்கும்."

"அப்ப உன் மூஞ்சிதான்."

"ஒரு வருஷமா இந்தக் கோவம் யாரால லா?"

பவளப் பாறை முடிந்து மணல் தொடங்கும் இடத்தில் அதற்கு ஒரு வளை உண்டாம். வளையைத் தோண்டுவது மீன் இல்லை, ஓர் இறால். அதற்குக் கண் சரியாகத் தெரியாது. நாள் முழுக்க மணலை வாரி வெளியே தள்ளும். வெளியே வரும்போதெல்லாம் மீசையை மீனின் மேல் வைத்துக்கொள்ளும். ஆபத்து வந்தால் கோபி வாலை ஓர் உதறு உதறும், உடனே இரண்டும் உள்ளே போய்விடும்.

"பாவம் அந்த மீனு. குருட்டு இறாலுக்குக் காவலா வாசல்லயே கெடக்குது. எங்கயாவது நீந்திப் போயிருக்கலாம்" என்றேன்.

நான் மீனைச் சொல்லவில்லை என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. குரல் கடுத்தது.

"எங்க போகும்? அதுக்குத் தோண்டத் தெரியாது. இறால் இல்லன்னா ஒளிய எடமில்லாம மத்தியானத்துக்குள்ள எதாவது முழுங்கிடும். நான் வேலைக்குப் போயிட்டு வந்தா தெனமும் சொதி வெச்சுச் சோறு போடுறது யாரு? அங்க யாரும் யாருக்கும் பாவம் பாக்கல. ரெண்டுக்கும் ஒரே வீடு. அவ்வளவுதான்."

அவள் மறுபடி முக்குளிக்கப் போன பிறகு அந்த இறாலையே நினைத்துக்கொண்டிருந்தேன். நாலு மீன் பார்க்கிறதே என்று அது வெட்கப்பட்டு மீசையை மடக்கிக்கொண்டால் என்ன ஆகும்? மணலை வாரிக்கொண்டு எதன் வாய்க்குள்ளாவது நேராகப் போய்விடும்.

மூன்று மணிக்குப் படகு மெர்சிங் திரும்பியது. துறையில் ஒரே கூட்டம். அவள் முதலில் இறங்கினாள். காலையில் பட்டது போதும் என்று நினைத்தாளோ என்னவோ, கையை நீட்டவில்லை.

"அடுத்த மாசம் வரலன்னு குழுவுல சொல்லிடவா?" என்று மட்டும் கேட்டாள்.

ஆடுகிற படகில் நின்றபடி நான் கையை நீட்டினேன்.

"ஃபிளாஸ்க் காலிங்க. மேல கடையில வாங்கித் தரேன்."

"கோப்பி கேக்கல" என்றேன், துறையில் நின்ற நாலு பேர் காதிலும் விழும்படி. "கோபியக் கேட்டேன்."