தெருக்குத்து

றிச்மண்ட் ஹில்லுக்கு வடக்கே இருந்த அந்த மேட்டு நிலம் அருள்நாயகத்தின் உயிரை வாங்கியது. ஏறுவதும் இறங்குவதுமாக, ஓரிடத்திலாவது சமமாக நிற்காத காணி. அதில் நூற்றுச் சொச்சம் வீடுகளுக்குத் தெருவும் துண்டும் பிரித்துப் பிளான் கீறித் தரும்படி ஒரு கட்டடக் கொம்பனி கேட்டிருந்தது. கந்தோரில் கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்து கோடு போடுகிறவன் அருள்நாயகம். கோடு எங்கே போகவேண்டும் என்று சொல்லுகிறவர் வால்ட்டர்.

முதல் பிளானில் தெரு மேட்டைச் சுற்றி வளைந்து இறங்கியது. அதைக் காட்டியே விற்பனையும் தொடங்கிவிட்டார்கள். அவன் மனைவி பாலேஸ்வரியின் தம்பி இராசரத்தினம் சும்மா இருப்பானா? மோர்னிங்சைட் அப்பார்ட்மென்டில் கரப்பானோடு குடித்தனம் நடத்திச் சலித்துப்போனவன். திசைகாட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு சேற்றுக்குள் நடந்து, மேட்டின் அடியில் கிழக்கு வாசல் வருகிற துண்டாகப் பார்த்து வாங்கிவிட்டான். அதற்குப் பிறகு காண்கிற ஆட்களிடமெல்லாம், "அத்தான் கீறின இடம், பிழை வருமே?" என்று ஒரே புளுகம்.

ஒரு நாள் வால்ட்டர் வந்து வளைவை எடுக்கச் சொன்னார். வளைவு இடத்தைத் தின்கிறதாம். தெருவை உச்சியிலிருந்து நேரே இறக்கினால் இன்னும் சில பெரிய வீடுகள் பிடிக்குமாம். அருள்நாயகம் கோட்டை இழுத்துப் பார்த்தான். கோடு நேரே வந்து மச்சானின் வாசலில் முட்டி நின்றது. தெருக்குத்து! ஊரில் சும்மா கொடுத்தாலும் வேண்டாமென்று ஓடுகிற காணி.

"பனிக்காலத்தில் கார் சறுக்கினால் நேரே அந்த வீட்டுக்குள்தான் போகும்" என்று வால்ட்டரிடம் தன் ஆங்கிலத்தில் சொன்னான். தெருக்குத்தை எந்த ஆங்கிலத்தில் சொல்வது? சரிவு விதிக்குள்தான் இருக்கிறது, உப்புப் போடுவார்கள் என்று வால்ட்டர் அவன் தோளில் தட்டினார். நல்ல மனுசன்தான், அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல். விற்பனைக் கந்தோருக்கு ரெலிபோன் அடித்து வேறு துண்டு மாற்றித் தரலாமா என்று கேட்டான். மற்றதெல்லாம் விற்றாயிற்று, புதிதாக வருகிறவற்றின் விலை வேறு, தெரு மாறினாலும் வாங்கினது வாங்கினதுதான் என்றாள் அங்கிருந்த பெண்.

கீறமாட்டேன் என்று எழும்பிப் போகலாம். போனால் அடுத்த மேசைக்காரன் கீறுவான், இவனுடைய வேலையும் போகும். என்ன கோதாரி இது! கீறினான். வெள்ளிக்கிழமை பிளான் நகரசபைக்குப் போய்விட்டது.

சொல்லாமல் இருக்க மனம் ஒப்பவில்லை. சனிக்கிழமை மோர்னிங்சைட்டுக்குப் போனான். இராசரத்தினத்தின் மனைவி சிவானி எட்டு மாத வயிற்றோடு திரைச்சீலைத் துணிகளைச் சோபாவில் பரப்பி வைத்திருந்தாள். தெரு நேராக்கப்பட்டதையும் அது எங்கே வந்து முட்டுகிறதென்பதையும் அருள்நாயகம் சொல்லி முடித்தான்.

"தெருக்குத்தோ?" சிவானி துணிகளைத் தள்ளிவிட்டுச் சோபாவில் இருந்தாள். "ஐயோ, பச்சைப்பிள்ளையோட நான் உதுக்குள்ள எப்பிடிக் குடிபோறது?"

இராசரத்தினம் கொஞ்சமும் அசையவில்லை.

"ஏனப்பா பதறுறாய்? கீறுறது ஆர், அத்தான்தானே! அத்தான், நீங்கள் திங்கக்கிழமை போய் உதை அழிச்சுப்போட்டுக் கொஞ்சம் அங்கால தள்ளிக் கீறிவிடுங்கோவன்."

நான் கோடு போடுகிறவன் மட்டும்தானடா, பிளானும் கைவிட்டுப் போய்விட்டது என்று சொல்லத்தான் அருள்நாயகம் வாயைத் திறந்தான். சிவானி அவனுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓம்… பாப்பம்" என்றான்.

சிவானி கண்ணைத் துடைத்துக்கொண்டு தேத்தண்ணி போட எழும்பினாள். இராசரத்தினம் அதற்குள் ரெலிபோனை எடுத்து யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தான்.

"சின்னப் பிழையொண்டு வந்திட்டுது. ஒண்டுக்கும் யோசியாதை, அத்தான் மாத்தித் தாறாராம்."