மூன்றாம் வாய்தாவுக்குப் போன கார்

கார் பானெட்டைத் தூக்கி நிறுத்திய டிரைவர் பச்சைமுத்து, தோளில் கிடந்த துண்டைத் தண்ணீர்க் கூஜாவில் முக்கினான். ஒட்டப் பிழிந்தான். எஞ்சின் பக்கவாட்டில் கொதித்துக்கொண்டிருந்த, பொறிக்குக் கரண்டு ஏற்றும் காயிலைச் சுற்றிப் பொத்தினான். ‘சுர்ர்’ என்று ஆவி கிளம்பியது.

“குடிக்க வச்ச தண்ணியை எதுக்குப்பா அதுக்கு ஊத்துற?” பின் சீட்டிலிருந்து ராஜாமணி கேட்டாள்.

“ஊத்தலைங்கம்மா. ஊத்துனா ஒயர்ல எறங்கிடும். ஈரத்துணிதான் சுத்திக்கினு கிறேன்.”

சித்திரை வெயில். மணி ஒன்று பத்து. விழுப்புரத்திலிருந்து கிளம்பிய கார் கூட்டேரிப்பட்டைத் தாண்டியதும் சொல்லிவைத்தாற்போல் நின்றுவிட்டது. திண்டிவனத்துக்கு இன்னும் எட்டு மைல்.

மாசியில் ஒரு வாய்தா; இதே ரோட்டில் கார் நின்றது. பங்குனியில் இன்னொன்று, அன்றும் நின்றது. இரண்டு வாய்தாவும் தவறிப்போயின. இன்று மூன்றாவது. இரண்டு மணிக்குக் கோர்ட் திரும்பக் கூடியதும் முதல் கேஸ் அவளுடையது. கூப்பிடும்போது ராஜாமணி நிற்கவில்லையென்றால் வழக்கைத் தள்ளிவிடுவார்கள். திருவக்கரையில் வேர்க்கடலை விளையும் நாலு காணி மல்லாட்டைக் கொல்லை, செத்துப்போன கணவரின் சொத்து, கொழுந்தன் சீனுவாசனுக்குப் போய்விடும். அண்ணன் தனக்கு எழுதிக் கொடுத்ததாக அவன் ஒரு பத்திரத்தை வைத்துக்கொண்டிருக்கிறான். கையெழுத்து பொய் என்பது அவள் கட்சி.

மூன்று வாய்தா, மூன்று முறை. தானாகவா நிற்கும்?

அவள் இறங்கி வந்து டிரைவரின் முதுகுக்குப் பின்னால் நின்றாள். அவன் காலடியில், காகிதம் பிரிக்காத புதுக் காயில் ஒன்று கிடந்தது.

“இது எங்கிருந்து வந்தது?”

“காலையில மெக்கானிக் விருத்தாசலத்துக்கிட்ட வாங்கியாந்தேங்க.”

“அப்படின்னா இன்னைக்கும் நிக்கும்னு உனக்கு முன்னாடியே தெரியும்.”

பச்சைமுத்து ஈரத்துணியைத் திருப்பிப் பொத்தினான். “ரெண்டு தபா நின்ன வண்டி மூணாந்தபா நிக்காதான்னு ஒரு பயந்தாங்க.”

“புதுசைக் கையில வச்சிக்கினே ஏன் மாட்டாம நிக்கிற?”

“எஞ்சின் அடுப்பாட்டம் கீது. இந்தச் சூட்டுல மாட்டுனா இதுவும் உள்ள வெந்துடும். பத்து நிமிஷம் ஆறணும்.”

பத்து நிமிஷம்! ராஜாமணி ரோட்டைத் திரும்பிப் பார்த்தாள். பஸ் இப்போதுதான் போயிருந்தது. அடுத்தது இரண்டே காலுக்கு.

அந்த நேரம் பார்த்து ஒரு சைக்கிள் வந்து நின்றது. சீனுவாசனின் கொல்லையைப் பார்த்துக்கொள்ளும் பூமாலை. ஒரு காலைத் தரையில் ஊன்றி, பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

“இன்னாண்ணே, இன்னைக்கும் இங்கயே கடை போட்டுட்டியா? எங்க ஐயா பத்து மணிக்கே கோர்ட்டாண்ட போய் இளநீர் குடிச்சிக்கினு கிறாரு.”

“போடா, பேஜாரு பண்ணாத.”

“ஐயாவோட அண்ணிக்கு ஒரு கொடையாவது புடியேன். கறுத்துடப் போறாங்க.” பூமாலை மிதித்துக்கொண்டு போனான்.

அண்ணே என்கிறான். இவனும் போடா என்கிறான். எத்தனை நாள் பழக்கம்? ராஜாமணி கேட்கவில்லை. கேட்டால் பொய்தான் வரும்.

எஞ்சினுக்குப் பொறியைப் பங்கிட்டுத் தரும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைப் பச்சைமுத்து கழற்றினான். “அம்மா, முன்னாடி உக்காந்து சாவியைத் திருப்புங்க. நிறுத்தச் சொன்னா நிறுத்துங்க.”

திருப்பினாள். ஸ்க்ரூ டிரைவரால் உள்ளே கரண்டை விட்டு விட்டுத் தரும் சின்னப் பாயிண்டை அவன் தட்டித் திறந்தான். பளிச்சென்று தடித்த நீலப் பொறி பறந்தது.

“நிறுத்துங்க! பாத்தீங்களா? அந்தப் பொறியை முழுங்கறதுக்குத்தான் பக்கத்துல இந்தக் கண்டென்சர் கீது. முழுங்கல. பாயிண்ட் தீயுது, காயில் கொதிக்குது.”

“அதைத்தான் போன ரெண்டு தடவையும் மாத்தினியே!”

“மாத்துனேன். ரெண்டும் நல்ல சாமான்தான். அதான் புரியாம முழிச்சேன்.”

சுண்டுவிரல் அளவு இருந்த அந்தக் கண்டென்சரின் ஸ்க்ரூவைக் கழற்றி, அது உட்கார்ந்திருந்த இடத்தைக் குனிந்து பார்த்தான். விரலால் தடவினான். அப்படியே நின்றான்.

“இன்னாப்பா?”

“போன ஆயுத பூஜைக்கு உள்ள ஒண்ணு விடாம வெள்ளிப் பெயிண்ட் அடிக்கச் சொன்னீங்களே, ஞாபகம் கீதா?”

“ஐயா இருந்தவரைக்கும் வருஷா வருஷம் பொட்டுதான் வச்சோம். போன வருஷம் பளபளன்னு இருக்கட்டுமேன்னு...”

“நானும் மினுக்குன்னு கீதேன்னு அடிச்சுட்டேன். இது இரும்போட இரும்பா ஒட்டுனாத்தான் எர்த். இங்க பெயிண்ட் மேல உக்காந்துக்கினு கீது. இந்த ஒத்த ஸ்க்ரூதான் தொட்டுக்கினு இருந்துச்சு. சூடேறுனா அதுவும் விட்டுடும். வீட்டாண்ட ஜோரா ஓடும். பதினஞ்சு மைல் வந்தா செத்துடும்.”

பேனாக்கத்தியை எடுத்துச் சுரண்டினான். வெள்ளித் தூள் உதிர்ந்து, உலோகம் பளீரென்று தெரிந்தது. கண்டென்சரின் காலையும் சுரண்டினான். இறுக்கித் திருகினான். போதாதென்று துண்டு ஒயர் ஒன்றை அதன் உடம்பிலிருந்து பாடிக்கு இழுத்துக் கட்டினான். ஈரத் துண்டை எடுத்துவிட்டு, காயிலில் புறங்கையை வைத்துப் பார்த்தான். பழையதைக் கழற்றினான். புதியதை அதே இடத்தில் வைக்காமல், எஞ்சினை விட்டு விலக்கி, காற்றுப்படும் பக்கத் தகட்டில் மாட்டினான். ஒயர் மட்டுமட்டாக எட்டியது.

“இப்ப திருப்புங்க.”

பொறி ஊசிமுனையாய்ச் சுருங்கியிருந்தது. மூடியைப் போட்டு செல்ஃப் ஸ்டார்ட்டரை இழுத்தான். எஞ்சின் உறுமியது.

மணி ஒன்று நாற்பத்தைந்து.

கார் பறந்தது. சாலைப் புளியமரங்கள் பின்னால் ஓடின. ராஜாமணிக்கு மனசு அறுத்தது. தான் அடிக்கச் சொன்ன பெயிண்டுக்கு இவனைத் திருடனாக்கி இருந்தாளே!

“பச்சைமுத்து, உன்னை என்னென்னவோ நெனச்சுட்டேன். நீ சீனுவாசன் ஆளுன்னு...”

“அப்படிச் சொல்லாதீங்கம்மா.”

“தப்புதானேப்பா?”

அவன் கியரை மாற்றினான். கண்ணாடியில் அவன் முகம் வேர்த்துக் கிடந்தது. வெயில்தானே? இவ்வளவு வேர்வை எதற்கு? அடங்கிய சந்தேகம் அவளுக்குள் மறுபடி தலையைத் தூக்கியது.

இரண்டு அடிக்க மூன்று நிமிஷம் இருக்கும்போது கோர்ட் வாசலில் கார் நின்றது. வராந்தாவில் சீனுவாசன் அவளைப் பார்த்தான். கையிலிருந்த இளநீர் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது.

வக்கீல் கிருஷ்ணசாமி ஓடி வந்தார். “வந்துட்டீங்களா, நல்லது. கேஸ் தள்ளுபடி ஆகாது. ஆனா ஜெயிக்கணுமே! கையெழுத்து பொய்னு நீங்க சொல்றீங்க. அசல் மாதிரியே இருக்குது. நம்ம பக்கம் சொல்ல ஒரு சாட்சி கூட இல்லையே அம்மா.”

“நான் சொல்றேன் சார்.”

திரும்பினார்கள். பச்சைமுத்து நின்றிருந்தான். கையில் எண்ணெய்க் கறுப்பு. செருப்பைக் கழற்றிவிட்டிருந்தான்.

“நீயா? பத்திரம் எழுதினப்ப நீ பக்கத்துல இருந்தியா?” வக்கீல் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

“ஐயா திருவக்கரைக் கொல்லைக்குப் போயிட்டா, அவர் பேருக்கு வர்ற ரெஜிஸ்தர் தபாலை நான்தான் வாங்குவேன் சார். அவர் கையெழுத்தையே போடச் சொல்லிக் குடுத்தாரு. எட்டு வருஷம் போட்டேன். எது அவருது, எது என்னுதுன்னு போஸ்ட்மேனுக்கே தெரியாது.”

சீனுவாசன் இளநீரைக் கீழே போட்டான்.

பச்சைமுத்து ராஜாமணியைப் பார்க்காமல், தரையைப் பார்த்துச் சொன்னான்.

“ஐயாவோட தம்பி கேட்டாரு. பத்திரத்துல கீறதும் நான் போட்டதுதான்.”