பெருக்காத வாசல்

1941ஆம் வருஷம் டிசம்பர் நான்காம் தேதி வியாழக்கிழமை காலை, ராயபுரத்தில் எங்கள் சந்தின் கடைசி வீட்டில், குடை வியாபாரி செய்யது மீரான் இரண்டு ஆப்பமும் அரை டம்ளர் தேநீரும் சாப்பிட்டுவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, முனையில் நின்ற ஜட்கா வண்டிவரை இருபத்தொரு அடி நடந்துபோனார். விடிவதற்கு முன் மழை பெய்திருந்தது. புதுச் செருப்பு ஈர மணலில் கெட்டுவிடக் கூடாது என்பதால் வெறுங்காலோடு நடந்தார். அந்த இருபத்தொரு காலடித் தடங்களும் அதற்குப் பிறகு அழியவில்லை. வலது கால் பதினொன்று, இடது கால் பத்து. இடது காலில் சுண்டுவிரல் கிடையாது. ரங்கூன் துறைமுகத்தில் குடைக்கம்பிப் பெட்டி ஒன்று விழுந்து நசுங்கியதில் அது போய்விட்டது.

கடல் கடந்து பிழைக்கப் போவதை எங்கள் பக்கத்தில் சபர் என்பார்கள். சபர் போனவர் சுகமாய்ச் சேர்ந்தேன் என்று எழுதும் கடிதம் வரும்வரை அந்த வீட்டு வாசலைப் பெருக்கக் கூடாது. பெருக்கினால் போனவரின் வழியும் குப்பையோடு போய்விடும் என்பது கணக்கு. சாதாரணமாக இது பத்துப் பன்னிரண்டு நாள் விஷயம். அதற்குள் வாசலில் வாழைப்பழத் தோலும் ஆட்டுப் புழுக்கையும் சேர்ந்துவிடும், யாரும் குறை சொல்லமாட்டார்கள். மீரானின் கடிதங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். கப்பலில் வாந்தி எத்தனை தடவை, ரங்கூனில் மழை எப்படி என்று இரண்டு வரி. கடைசியில் எப்போதும் 'வாசலைப் பெருக்கிக்கொள்ளவும்' என்று ஒரு வரி. அன்று வண்டி திரும்பியதும் அவர் மனைவி ஜன்னத் பீவி விளக்குமாற்றை உத்தரத்தில் செருகிவைத்தாள். அது ஒன்பது வருஷம் அங்கேயே இருந்தது.

அவர்கள் பதின்மூன்று வருஷமாக ரங்கூன்வாசிகள். கீழே குடைக்கடை, மேலே இரண்டு அறை. எதிரில் ஒரு சூரத்துக்காரர் ஜவுளி விற்றார், பக்கத்தில் ஒரு சீனர் பல் கட்டினார். மூத்த மகள் மரியம் அங்கே பிறந்து, கன்னத்தில் சந்தனம் மாதிரி தனாக்கா பூசிக்கொண்டு, பர்மியச் சிறுமிகளோடு அவர்கள் பாஷையிலேயே சண்டை போட்டு வளர்ந்தாள். மூன்று வருஷத்துக்கு ஒரு முறை குடும்பத்தோடு ராயபுரம் வருவார்கள். வந்து ஒரு வாரம் வரைக்கும் மரியத்துக்குத் தரை ஆடும். கிணற்றுத் தண்ணீர் உப்பென்று அழுவாள். தெருப் பிள்ளைகள் அவளை 'பர்மாக்காரி' என்று கூப்பிடுவார்கள். பிறகு இந்த ஊர் பழகி, கடற்கரையே கதியென்று ஆகும்போது திரும்பிப் போகும் கப்பல் வந்துவிடும். அங்கே இருந்தால் இங்கே என்றும், இங்கே வந்தால் அங்கே என்றும் அந்த வீட்டில் பேச்சு எப்போதும் அக்கரையைப் பற்றியே இருக்கும். 1941இல் வந்தபோது ஜன்னத் பீவி இரண்டாவது பிரசவத்துக்கு நிற்க வேண்டியிருந்தது. மாசி மாதத்தில் வந்து எல்லோரையும் அழைத்துப்போகிறேன் என்று சொல்லிவிட்டு மீரான் தனியாகக் கிளம்பினார்.

டிசம்பர் இருபத்துமூன்றாம் தேதி ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு விழுந்தது. அதுவரை கடிதம் வரவில்லை, அதற்குப் பிறகும் வரவில்லை. ஜனவரியில் ஜீனத் பிறந்தாள். அப்போதுதான் தெருவில் முதலில் கவனித்தார்கள். நாற்பது நாள் ஆகியும், நடுவில் நான்கு மழை பெய்தும், தடங்கள் நேற்று வைத்ததுபோலவே ஈரமாக இருந்தன. எங்கள் சந்தில் பெருக்கும் கார்ப்பரேஷன் தொழிலாளி கெங்கம்மா தினமும் முனைவரை பெருக்கிக்கொண்டு வருவாள், இருபத்தோராம் தடத்தில் விளக்குமாற்றைத் தூக்கிவிடுவாள். ஒருநாள் மேஸ்திரி பார்த்துவிட்டான்.

"இன்னாமே, பாதித் தெருவ அப்டியே வுட்டு வெச்சிகீற?"

"அது தெரு இல்ல சாமி. அங்க ஒரு ஆளு நடந்துகினு கீறாரு," என்றாள் கெங்கம்மா.

ஏப்ரலில் பட்டணமே காலியாயிற்று. மெட்ராஸிலும் குண்டு விழும் என்று கொத்தவால்சாவடியில் காய் விற்க ஆளில்லை, பூட்டுக்குத்தான் கிராக்கி. அடுத்த வீட்டில் இருந்த மீரானின் அண்ணன் சௌக்கத் அலி வண்டி பிடித்துக்கொண்டு வந்து நின்றார். "புள்ளைங்கள இட்டுக்கினு ஏறு ஜன்னத்து. வாணியம்பாடிக்குப் போயிட்டா உசுரு மிஞ்சும்." ஜன்னத் பீவி மூன்று மாதக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசற்படியை விட்டு இறங்கவில்லை. "நீங்க போங்க மச்சான். ரங்கூன்லேர்ந்து வர்ற ஆளுக்கு இந்த ஒரு விலாசந்தான் தெரியும். வந்து பூட்டப் பார்த்துட்டு நிப்பாரா?" சந்தில் அந்த மாதம் மனுஷர் இருந்த வீடு அது ஒன்றுதான். நாய்கள்கூட எல்லாம் அங்கேதான் வந்து படுத்தன.

அந்த ஏப்ரல் கடைசியில் தடங்கள் ஆழமாகத் தொடங்கின. முதலில் கெங்கம்மாதான் விரலை வைத்துப் பார்த்தாள். ஒரு விரற்கடை இருந்தது இரண்டாயிற்று, நான்காவது நாள் மூன்றாயிற்று. சுமை தூக்கி நடப்பவனின் தடம்போலக் குதிகால் பக்கம் அழுந்தியிருந்தது. பிறகு சில நாள் பழைய ஆழத்துக்கு வந்தது, மறுபடி ஆழ்ந்தது. மே மாதம் இருபத்தாறாம் தேதி ஒரே பகலில் எல்லாத் தடமும் மேலெழும்பி, டிசம்பரில் இருந்த அதே ஆழத்துக்கு வந்து நின்றன. அதன்பின் அவை ஒரு நூலளவும் மாறவில்லை. ஜன்னத் பீவி அன்று மூன்று வேளையும் சாப்பிடவில்லை. மறுநாள் எழுந்து வழக்கம்போல உலை வைத்தாள்.

வருஷங்கள் போயின. 1943 மழையில் சந்தில் இடுப்பளவு தண்ணீர் ஐந்து நாள் நின்று வடிந்தபோது வீட்டுச் சுவர் ஒன்று போயிற்று, தடம் ஒன்றுகூடப் போகவில்லை. ஜீனத் நடை பழகியது அந்தத் தடங்களில்தான். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் குதித்துக் குதித்துப் போனதில், பெரியவளான பிறகும் அவளுக்கு அகலக் கால் நடைதான் வந்தது. 1945இல் எண்ணூரிலிருந்து ஞானதுரை என்பவர் விசாரித்துக்கொண்டு வந்தார். 1942 கோடையில் பர்மாவிலிருந்து காட்டு வழியாக நடந்து வந்தவர்களில் ஒருவர். எல்லையில் தமூ என்ற ஊருக்கு முந்தின மலையில் அவருடைய தாயார் நடக்கமுடியாமல் உட்கார்ந்துவிட்டபோது, ராயபுரத்துக் குடைக்காரர் ஒருவர் அந்த அம்மாளை மூன்று நாள் தோளில் சுமந்தாராம். இறக்கிவிட்ட பிறகு வேறு யாரையோ தூக்கப் பின்னால் திரும்பிப் போனாராம். அதற்கு மேல் தெரியாது.

"பேர் கேக்கல தாயி, கேக்கிற நெலமையில நான் இல்ல. முகமும் நெனப்பில்ல. பின்னாலயே நடந்ததுல கால்தான் தெரியும். எடது கால்ல சுண்டுவெரல் கெடையாது." சொல்லிவிட்டு எழுந்து வெளியே வந்தவர், வரும்போது கவனிக்காத தடங்களைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஓரமாகவே நடந்து போனார்.

1950 கடைசியில் மரியத்துக்கு வண்ணாரப்பேட்டையில் ஆணிக்கடை வைத்திருந்த தாவூதின் மகனைப் பேசினார்கள். பையனை மரியத்துக்குப் பிடித்திருந்தது. எல்லாம் முடிந்து பத்திரிகை அடிக்கும் இடத்தில் பேச்சு நின்றது. காலமானவர் பெயருக்கு முன்னால் மர்ஹூம் என்று போடுவது வழக்கம். மீரான் பெயருக்கு முன்னால் அது வேண்டும் என்றார் தாவூது. ஜன்னத் பீவி கூடாது என்றாள்.

"ஒண்ணு மர்ஹூம்னு போடு, இல்லாங்காட்டி ஆள இட்டாந்து காட்டு," என்றார் தாவூது, கூடத்தில் உட்கார்ந்துகொண்டு. "ரெண்டுங்கெட்டானா அடிச்சா எங்க ஜனம் சிரிக்காதா? ஒம்பது வருசம் ஆகுது."

திரைக்கு உள்ளிருந்து ஜன்னத் பீவி சொன்னாள்: "அவரு எங்க கீறாருன்னு எனக்குத் தெரியாது. எங்க நடந்தாருன்னு உங்களுக்கே தெரியும். மிதிக்காம சுத்திக்கினுதானே உள்ள வந்தீங்க?"

தாவூது தேநீரைக் குடிக்காமல் எழுந்து போனார். மாப்பிள்ளை வீட்டிலிருந்து பதினைந்து நாள் தவணை வந்தது. அதற்குள் வார்த்தையைப் போடவில்லை என்றால் வேறு இடம் பார்ப்பார்கள். மூன்றாம் நாள் மரியம் அடுப்படியில் அழுதாள். "ஒரு வார்த்தைதானேம்மா."

"ஆமா, ஒரு வார்த்தைதான். அதுதான் மண்ணு," என்றாள் தாய். "எனக்குத் தெரியாதுன்னு நெனக்கிறியா? எனக்குத் தெரிஞ்சது எனக்குள்ள இருக்கட்டும். ஊரு கேட்டுச்சுன்னு ஒங்கத்தா மேல நான் மண்ணு தள்ளமாட்டேன்."

தவணையில் ஒன்பதாவது நாள் தபால்காரர் ஒரு உறையைக் கொண்டுவந்து கொடுத்தார். யுத்த காலத்துத் தணிக்கையில் மாட்டி, ஏதோ ஒரு மூட்டையின் அடியில் ஒன்பது வருஷம் கிடந்த தபால்களில் ஒன்று. மேலே இரண்டு முத்திரை, கீழே மீரானின் கையெழுத்து, ரங்கூன், 1941 டிசம்பர் ஒன்பது. ஜன்னத் பீவி எழுத்துக் கூட்டாமல் படிக்கத் தெரிந்தவள். படிக்காமலே அதில் இருப்பது என்னவென்றும் அவளுக்குத் தெரியும். அதனால் அன்று முழுவதும் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

சந்தில் எல்லோரும் ஒரு விஷயத்தை நம்பினார்கள். வெள்ளமும் காற்றும் தடங்களைத் தொடாததற்குக் காரணம், வாசல் பெருக்கப்படாததுதான். கடிதம் வந்து, அவள் கையால் பெருக்கினால் மறுகணம் போய்விடும். மீரானைப் பிடித்துவைத்திருப்பது அந்தப் பெண்பிள்ளையின் பிடிவாதம். சௌக்கத் அலி இதை வாய்விட்டே சொன்னார். "கடுதாசி வந்திருச்சு ஜன்னத்து. முறைப்படி பெருக்கிடு. தடம் போயிடுச்சுன்னா மர்ஹூம்னு போடுவோம், நீ வாயத் தொறக்கக் கூடாது. போகலன்னா தாவூது வாயத் தொறக்காம நான் பாத்துக்கறேன்." அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "வெள்ளிக்கெழம தொழுகை முடிஞ்சு வரச் சொல்லுங்க. சந்து பூரா வரட்டும்."

வந்தார்கள். தாவூதும் வந்தார், மாப்பிள்ளைப் பையன் பின்னால் நின்றான். ஜன்னத் பீவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு படியில் நின்று உறையைப் பிரித்து உரக்கப் படித்தாள். கப்பலில் வாந்தி மூன்று தடவை. ரங்கூனில் மழை இல்லை, பனி. மரியத்துக்குப் பட்டு லுங்கி எடுத்து வைத்திருக்கிறேன். வாசலைப் பெருக்கிக்கொள்ளவும். கடிதத்தை மரியத்திடம் கொடுத்துவிட்டு உத்தரத்திலிருந்து விளக்குமாற்றை எடுத்தாள். செல் அரித்துப் பாதி ஈர்க்குதான் மிச்சம். முதல் தடத்தில் வைத்து இழுத்தாள். மணல் பறந்தது. தடம் இருந்தது. மறுபடி இழுத்தாள். அரை சாண் மணல் போய், அரை சாண் கீழே, அதே ஈரத்தோடு, அதே விரல்களோடு இருந்தது. இரண்டாவது, மூன்றாவது என்று குனிந்த இடுப்பு நிமிராமல் அவள் போய்க்கொண்டே இருந்தாள். ஏழாவதில் விளக்குமாறு உதிர்ந்துவிட்டது. கெங்கம்மா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு தன் நீளத் துடைப்பத்தோடு வந்தாள்.

"தள்ளுக்கா. இருவது வருசமா இதே வேல எனக்கு. நான் பெருக்கிப் போகாத குப்ப இந்த மெட்ராசுல கெடையாது."

இருபத்தொன்று வரைக்கும் பெருக்கினாள். சந்தின் தரை அரை சாண் இறங்கியது, தடங்களும் அதனோடு இறங்கி அங்கே இருந்தன. கெங்கம்மா துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இது குப்ப இல்ல," என்று தாவூதைப் பார்த்துச் சொன்னாள்.

ஜன்னத் பீவி அப்போதுதான் நிமிர்ந்தாள். "அவரு பெருக்கச் சொன்னாரு, பெருக்கிட்டேன். போகமாட்டேன்னு நிக்கறது நானில்ல."

தாவூது கீழே பார்த்துக்கொண்டே நின்றார். கடைசியில் மகன் பக்கம் திரும்பி, "பிரஸ்ஸுக்குப் போய்ச் சொல்லிட்டு வாடா. செய்யது மீரான்னே அடிக்கட்டும்," என்றார்.

நிக்காஹ் புத்தகத்தில் மணமகளின் தகப்பனார் பெயரை எழுதிவிட்டு, அவருக்குப் பதிலாகப் பெரியப்பா சௌக்கத் அலி உட்காருவதற்கான காரணம் என்ற இடத்தில் 'சபரில் இருக்கிறார்' என்று எழுதினார்கள். ஜமாத்தில் யாரும் மறுக்கவில்லை. மாப்பிள்ளை ஊர்வலம் சந்துக்குள் வந்தபோது பேண்டுக்காரர்கள்கூட ஓரமாக ஒற்றை வரிசையில் வந்தார்கள்.

1954இல் கார்ப்பரேஷன் சந்துக்குத் தார் போட்டது. மறுநாள் காலை தாரில் இருபத்தொரு தடமும் இருந்தன. ஓவர்சியர் திட்டிவிட்டு மறுபடி ஊற்றினார், மறுபடி வந்தன. மூன்றாவது தடவை ஊற்றவில்லை. வரைபடத்தில் அந்த இடத்தில் இருபத்தொரு புள்ளி வைத்துவிட்டுப் போனார்கள். 1957இல் ஜன்னத் பீவி இறந்தபோது சந்தூக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் அந்தத் தடங்களின் இடது பக்கமாகவே நடந்தார்கள். அவள் தினமும் தண்ணீர்க் குடத்தோடு நடந்ததும் அந்தப் பக்கம்தான்.

கெங்கம்மாவுக்குப் பிறகு வந்தவள் முப்பிடாதி. அவளுக்கு யாரும் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. முனைவரை பெருக்கிக்கொண்டு வருகிறாள், இருபத்தோராம் தடத்தில் துடைப்பத்தைத் தூக்குகிறாள். மழை நாளில் தடங்களில் தண்ணீர் நிற்கிறது, காக்கைகள் குடிக்கின்றன. எல்லாத் தடமும் துறைமுகத்தைப் பார்த்தே இருக்கின்றன. இடது காலில் நான்கு விரல்தான்.