நாலு மணிக்கு முன்னால் தாண்டாதே

பிரான்ஸின் லெ மான் கார் பந்தயத்தில் வழியில் நின்றுபோன காருக்கு முடிவுப் பட்டியலில் இடம் கிடையாது. இருபத்து நான்கு மணி நேரம் ஓடி, ஞாயிறு மாலை நான்கு அடித்த பிறகு, தன் எஞ்சின் பலத்திலேயே முடிவுக் கோட்டைத் தாண்டினால்தான் ஓட்டியவர் பெயரை அச்சிடுவார்கள். என் கணவன் அர்மெல் ஐந்து முறை போட்டியிட்டு ஐந்து முறையும் பாதியில் நின்றவன். ஆறாவது முறை வந்தபோது அவனுக்கு நாற்பத்து நான்கு வயது. அடுத்த ஆண்டு கண் பரிசோதனையில் உரிமம் தர மாட்டார்கள் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். ஒரு முறையாவது பட்டியலில் பெயர் வர வேண்டும் என்பதைத் தவிர அவன் வேறெதுவும் கேட்கவில்லை.

எங்கள் ஒர்க்‌ஷாப்பில் எஞ்சின் என் பொறுப்பு. அர்மெல் கையில் ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்தால் பெயின்ட் டப்பாவைத் திறப்பான். என்னை 'மேஸ்திரி' என்றுதான் கூப்பிடுவான். நான் அவனைத் 'துரை' என்பேன்.

அந்தக் காலத்தில் ஓட்டுநர்களுக்குத் தகவல் பலகை காட்டும் இடம் கார்களுக்குப் பெட்ரோல் போட்டுப் பழுதுபார்க்கும் பிட்டிலிருந்து ஐந்து கிலோமீட்டர் தள்ளி, முல்சான் வளைவில் இருந்தது. கார்கள் அங்கேதான் மெதுவாகும். பிட்டோடு பேச ஒரு தொலைபேசி உண்டு. கடைசி இரண்டு மணி நேரம் பலகையைப் பிடித்துக்கொண்டு நான் அங்கே நின்றேன்.

மூன்று மணி முப்பத்தைந்துக்கு அர்மெலின் கார் வளைவுக்குள் ஊர்ந்து வந்து, எனக்கு நேர் எதிரே புல்லில் நின்றது. எஞ்சின் மட்டும் லேசாக ஓடிக்கொண்டிருந்தது.

"மேஸ்திரி, மிதிக்கிறேன், மிதி வெறுமனே உள்ள போகுது."

"ஆக்சிலேட்டர் கேபிள் அறுந்திருக்கு. எஞ்சின அணைச்சிடாத, ஸ்டார்ட்டர் காலையிலேயே செத்துப்போச்சு. டூல் பைய எடு."

அவன் எடுக்கவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றிக் கூரைமேல் வைத்தான்.

"பை எங்கடா?"

"பிட்ல இறக்கி வச்சிட்டேன். மூணு கிலோ குறையுமேன்னு."

வெள்ளிக்கிழமை முழுக்க எடை குறைப்பதற்காகக் கதவின் உள் கைப்பிடிகளைக்கூடக் கழற்றியவர்கள் நாங்கள். அவனைத் திட்டும் உரிமை எனக்குப் பாதிதான் இருந்தது. ஆனாலும் முழுதாகத் திட்டினேன்.

விதி இதுதான்: பிட்டுக்கு வெளியே நின்ற காரை ஓட்டுநர் மட்டுமே தொடலாம், அவர் கையில் யாரும் எதையும் கொடுக்கக் கூடாது. என் பையில் நான்கு ஸ்க்ரூ டிரைவர்கள் இருந்தன. தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்ற பந்தயக் கண்காணிப்பாளர் என் பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், கை அந்தப் பக்கமே இருக்கட்டும். வாய்க்குத் தடையில்ல. இவ்ளோ நேரம் கேட்டுட்டுதான இருக்கேன்."

"துரை, பின்னாடி மூடியத் திற. இடது பக்கம் ஒரு பித்தளைத் திருகு இருக்கும். ஐட்லிங் திருகு. அத உள்ள திருகினா எஞ்சின் தானா வேகமா ஓடும். மிதியே வேண்டாம்."

"எதால திருக? நகத்தாலயா?"

"தட்டையா ஏதாவது உலோகம். என்ன வச்சிருக்க?"

அவன் தன்னைத் தடவிப் பார்த்தான். பந்தய உடையில் பை கிடையாது. பிறகு கழுத்துக்குக் கீழே கையை வைத்து நின்றான். உடையின் ஜிப்பில் தடித்த தட்டைப் பிடி ஒன்று தொங்கியது. அது கழன்று வராது; உடையைப் போட்டுக்கொண்டே எஞ்சின்மேல் குனிந்தால் நெஞ்சு சுடும். தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து ரொட்டியும் சைடர் என்ற ஆப்பிள் மதுவுமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த நூறு குடும்பங்களுக்கு முன்னால் அர்மெல் உடையைக் கழற்றினான்.

"அக்கா, ஓட்டுறதுக்கு இவ்ளோ மெலிஞ்ச ஆளா பாத்துப் பிடிச்சீங்களா?" என்று பின்னால் ஒருவன் கத்தினான்.

"எடை குறைச்சிருக்கோம்," என்றேன்.

அர்மெல் இறந்து மூன்று குளிர்காலம் ஆகிறது. மருத்துவமனையில் கிடந்தவனை நினைக்க உட்கார்ந்தாலும், நீண்ட வெள்ளை உள்ளாடையில் எஞ்சின்மேல் குனிந்து, உடையை ஒரு பெரிய மீனைப் போல அணைத்துக்கொண்டிருக்கும் அர்மெல்தான் வந்து நிற்கிறான். சிரிப்பு வந்துவிடுகிறது.

"வலப்பக்கமா. உன்னோட வலப்பக்கம்."

"எனக்கு ஒரு வலப்பக்கந்தான் இருக்கு, மேஸ்திரி."

எஞ்சின் சத்தம் ஏறியது. "இன்னும். இன்னும் அரைச் சுத்து. போதும்." கூட்டம் கைதட்டியது. அவன் அவசரமாக உடைக்குள் நுழைந்தான்.

"துரை, கேளு. மூணு நாப்பத்தாறு ஆகுது. பத்து நிமிஷத்துல போய்ச் சேந்துடுவ. நாலு மணிக்கு முன்னால கோட்டத் தாண்டாத. தாண்டினா இன்னொரு சுத்து போகணும், வண்டி தாங்காது. கோட்டுக்கு முன்னாடி நில்லு."

"நிக்கிறேன்."

"சத்தியமா?"

அவன் கிளட்சை விட்டான். கார் துள்ளிக் கிளம்பியது.

சிவப்பு விளக்கில் நிற்கும்போதுகூட ஹாரன் அடிப்பவன் அவன். தொலைபேசியைப் பிடித்துக்கொண்டேன். பிட்டில் லூசியன், எங்கள் இன்னொரு ஓட்டுநர்.

"வந்துட்டான்," என்றான் லூசியன். "மணி மூணு அம்பத்தாறு."

"நின்னானா?"

"மெதுவா வர்றான்... வர்றான்..."

"லூசியன், நின்னானா இல்லையா?"

"நின்னுட்டான். கோட்டுக்கு நாப்பது மீட்டர். எஞ்சின் கத்துது. எண்ணெய்ப் புகை வருது. மேல உக்காந்திருக்கிறவங்க எல்லாம் இவன வா வான்னு கூப்பிடறாங்க."

"போகாதடா," என்றேன், அவனுக்குக் கேட்கும் என்பதுபோல. கண்காணிப்பாளர் தடுப்பில் சாய்ந்து என் காதருகே வந்துவிட்டார். ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களும் எழுந்து வந்தார்கள்.

"என்ன பண்றான்?"

"ரெண்டு கையாலயும் ஸ்டியரிங்க இறுக்கிப் பிடிச்சிட்டு, கண்ண மூடிட்டு உக்காந்திருக்கான்."

கண்காணிப்பாளர் தன் கைக்கடிகாரத்தை எனக்குத் தெரியும்படி திருப்பிப் பிடித்தார்; முள் நான்கைத் தொட்டது. பிறகு லூசியன் சொன்ன வார்த்தை கூச்சலில் கேட்கவில்லை. தொலைபேசி கீழே விழுந்த சத்தம் மட்டும் கேட்டது. வெகுநேரம் கழித்து யாரோ அதை எடுத்தார்கள். மூச்சிரைப்பு வந்தது.

"மேஸ்திரி, பட்டியல ஒட்டிட்டாங்க. எங்க பேர் இருக்கு. இருபத்தொண்ணு."

"எத்தன வண்டியில?"

"இருபத்தொண்ணுல."

திரும்பி அவர்களிடம் சொன்னேன். முல்சான் வளைவில் அன்று முதலிடத்துக்குக்கூட அத்தனை சைடர் திறந்திருக்க மாட்டார்கள். கண்காணிப்பாளர் முதல் குவளையைத் தடுப்புக்கு மேலே எனக்கு நீட்டினார்.

"இப்ப கொடுக்கலாமா?" என்றேன்.

"பந்தயம் முடிஞ்சிடுச்சு, மேடம்."