கூரை ஒட்டிய படுக்கைப் பெட்டி

படுக்கைப் பெட்டியின் கூரையைத் தூக்கினேன், வரவில்லை. நகத்தைக் கொடுத்து நெம்பியும் அசையவில்லை. என் கணவருக்கு மாதிரி ரயில் செய்கிற தொழில். அந்தக் காலத்துச் சீமான்கள் போன சொகுசு ரயில்களை அச்சு அசலாக, இரண்டு முழப் பெட்டிகளாகச் செய்வார். எந்தப் பெட்டிக்கும் கூரையை ஒட்ட மாட்டார். உள்ளே விளக்கு போனால் மாற்ற வேண்டும் என்று சும்மா பொருத்தித்தான் வைப்பார். பெட்டியும் சக்கரமும் அவர் பாடு. திரைச்சீலையும் மெத்தையும் கட்டைவிரல் உயரப் பயணிகளும் என் பாடு. அவர் மனிதர்களைச் செய்தால் எல்லாருக்கும் பல்வலி வந்த மாதிரி இருக்கும் என்று எங்கள் மகள் சிரிப்பாள்.

அவள் இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. ஒவ்வொரு ரயிலிலும் தனக்கு ஜன்னல் சீட்டு வேண்டும் என்பாள். ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் அதையேதான் கேட்டாள். இவரோ அவளைப் பற்றி வாயே திறப்பதில்லை. கல்லுளிமங்கன் என்று மனதுக்குள் எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன். ஒரு ஹோட்டலுக்காகச் செய்த இந்த ரயிலை எடுத்துப்போக ஆள் வரும் நேரம். ஜன்னலோரம் வைக்க, மஞ்சள் கவுனில் கையசைக்கிற அவளைச் செய்திருந்தேன். அவரிடம் சொல்லவில்லை.

"என்னங்க, கூரைய ஏன் ஒட்டினீங்க?"

"யாரும் திறக்கக் கூடாதுன்னுதான்." தெர்மோகோல் அறுத்துக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

"நான் ஒரு ஆள உள்ள வைக்கணுமே."

உள்ளங்கையை நீட்டினேன். பார்த்தார். கத்தி நின்றது.

"கடைசி ஜன்னல்ல பாரு."

குனிந்து பார்த்தேன். படுக்கையில், கழுத்து வரை போர்வையோடு ஒரு பிள்ளை. மூக்கு கோணல், ஒரு கன்னம் வீங்கியிருந்தது. அவர் கைவேலைதான், சந்தேகமே இல்லை. கண்கள் மூடியிருந்தன.

"கடைசி மாசம் வலியில பாப்பா ஒரு பொட்டுத் தூங்கலையே" என்றார். "இங்கயாவது தூங்கட்டும். எவனாவது கூரையத் தூக்கினா வெளிச்சம் அடிக்கும். முழிச்சுக்குவா."

கையிலிருந்த மஞ்சள் கவுன் பொம்மையை அந்த ஜன்னலருகே பிடித்தேன்.

"ஜன்னல் சீட்டுதானேங்க கேட்டா."

"தெரியும்." கத்தியைக் கூரை விளிம்பில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். "நீ சொன்னா அறுத்துடறேன்."

அறுத்தால் அவளுக்கு ஜன்னல்; விட்டால் தூக்கம். அவளுக்கு எது வேண்டும் என்று சொல்ல அவள்தான் இல்லையே.

வாசலில் அழைப்பு மணி நீளமாக அடித்தது. அவர் கத்தியைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கைகளாலும் அந்த ஜன்னலைப் பொத்திக்கொண்டார்.