நாற்பது மணி நேரப் பெட்டி

பெட்டிக்காரர் மூன்றாவது தடவையாகப் பதிவை ஓட்டிக் காட்டினார். பஸ் தெரிந்தது, சாலை தெரிந்தது, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆளும் தெரிந்தான். ஆனால் அது நான் இல்லை.

"அண்ணே, எனக்கு எப்போ மீசை முளைச்சுது?" என்றேன்.

அவர் கண்ணைச் சுருக்கித் திரையைப் பார்த்தார். எங்கள் டெப்போவில் பஸ்களுக்குள் இருக்கும் பதிவுப் பெட்டிகளைப் பார்த்துக்கொள்பவர் அவர். ஒவ்வொரு பஸ்ஸிலும் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் செங்கல் அளவில் ஒரு பெட்டி இருக்கும். சாலை, பின்கதவு, டிரைவர் என்று மூன்று பக்கமும் கேமரா வழியாகப் படமும் சத்தமும் பிடித்துக்கொள்ளும். வேகம், பிரேக், ஆக்சிலரேட்டர், கதவு எப்போது திறந்தது, எப்போது மூடியது எல்லாவற்றையும் நொடிக்கு நொடி குறித்துக்கொள்ளும். அதனால் அவருக்குப் பெயர் பெட்டிக்காரர். எனக்குப் பெயர் பட்டாசு. ஏன் அந்தப் பெயர் என்று புதிதாக வருகிறவர்கள்கூடக் கேட்பதில்லை. என்னோடு இரண்டு நிமிஷம் பேசினால் போதும்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூன்றே முக்கால் மணி வாக்கில், என் பஸ்ஸின் பின்கதவில் இறங்கிய ஒரு தையல்கார அம்மா கீழே விழுந்துவிட்டார். வலது கணுக்கால் நொறுங்கிப்போய் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். தான் இறங்கி முடிப்பதற்குள் டிரைவர் கதவை மூடி வண்டியை நகர்த்திவிட்டார் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். கண்ணாடியில் பார்த்து, ஆள் யாரும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் கதவை மூடினேன் என்று நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதினைந்து வருஷ சர்வீஸ். ஒரு கீறல் கிடையாது. இன்றைக்கு வெள்ளிக்கிழமை. மூன்று மணிக்கு விசாரணை.

"டியூட்டி ஷீட்ல இருந்த பஸ் நம்பரைப் பாத்துத்தாம்மா எடுத்தேன்," என்றார் பெட்டிக்காரர்.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். அன்றைக்கு மத்தியானம் என் பஸ்ஸின் வைப்பர் வேலை செய்யாமல் போய், ஸ்பேர் பஸ்ஸைக் கொடுத்து அனுப்பினார்கள். ஷீட்டில் யாரும் நம்பரை மாற்றவில்லை. மூன்று நாளாக இவர் வேறு எவனுடைய பஸ்ஸையோ குடைந்துகொண்டிருந்திருக்கிறார்.

"வண்டி மாத்தினதை நீ சொல்லலையேம்மா?"

"நீங்க கேக்கலையேண்ணே!"

"சிவப்பு பட்டனையாவது அழுத்துனியா?"

அதை அழுத்தினால் அந்த நேரத்துப் பதிவு பூட்டிக்கொள்ளும், பிறகு அழியாது. வண்டி எதிலாவது மோதினாலோ, சடன் பிரேக் போட்டாலோ பெட்டி தானாகவே பூட்டிவிடும். மெதுவாக நகர்ந்த வண்டிக்கு அது எதையும் பூட்டாது. டிரைவர்தான் அழுத்த வேண்டும்.

"ஒரு அம்மா ரோட்ல விழுந்து கெடக்குறாங்க. கையும் ஓடல, காலும் ஓடல. பட்டனைத் தேடிக்கிட்டா இருப்பேன்?"

அவர் ஒரு காகிதத்தை இழுத்துக் கணக்குப் போட ஆரம்பித்தார். பெட்டி நாற்பது மணி நேரப் பதிவைத்தான் வைத்துக்கொள்ளும். அதற்குமேல் புதிதாக ஒரு நிமிஷம் ஏறினால் பழையதில் ஒரு நிமிஷம் அழியும். ஸ்பேர் பஸ் செவ்வாய் சாயங்காலம் ஓடியது ஐந்தேகால் மணி நேரம். புதன் பதினாலு, வியாழன் பதினாலு. இன்றைக்கு ஆறு மணிக்கே வண்டி கிளம்பிவிட்டது.

"பன்னெண்டே முக்காலுக்கு அழிஞ்சிரும். அஞ்சு நிமிஷம் முன்னப் பின்ன இருக்கலாம்."

சுவரில் மணி பதினொன்று ஐம்பது.

"நிறுத்தச் சொல்லுங்க வண்டிய!"

"நான் யாரும்மா நிறுத்தச் சொல்றதுக்கு?" பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "இங்க பாரு. பதிவு இல்லன்னா உன் பேச்சு, அவங்க பேச்சு, அவ்வளவுதான். பதினஞ்சு வருஷம் ஒழுங்கா ஓட்டினவ பேச்சைத்தான் எடுத்துக்குவாங்க. உனக்கு ஒண்ணும் ஆகாது. அந்த அம்மாவுக்குத்தான் நஷ்ட ஈடு கிடைக்காது. நீ எதுக்குப் பதறுற?"

"நான் ஏண்ணே பயப்படணும்? எனக்கு அந்தப் பதிவு வேணும். அவங்க சொல்றது பொய்னு எல்லார் முன்னாடியும் ஓட்டிக் காட்டணும். மூணு நாளா டெப்போவுல ஒவ்வொருத்தனும் என்னை ஒரு மாதிரி பாக்குறான்."

டைம் கீப்பரிடம் ஓடினேன். எந்த பஸ் எங்கே, எத்தனை மணிக்கு என்பதெல்லாம் அவர் கையில்தான். ஸ்பேர் பஸ் கடைசி ஸ்டாப்புக்குப் பன்னிரண்டு இருபத்தைந்துக்குப் போய்ச் சேரும், பன்னிரண்டு நாற்பதுக்குத் திரும்பக் கிளம்பும் என்றார். ஏ.சி. நின்றால் ஜனங்கள் சத்தம் போடுகிறார்கள் என்பதால் இடையில் வண்டியை அணைப்பதே இல்லையாம். டிரைவரின் போன் டெப்போ அலமாரியில் கிடந்தது. ஓட்டும்போது போன் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது விதி.

"ஓடுற வண்டிய நிறுத்தணும்னா மேலிடத்துலேர்ந்து எழுத்துல வரணும்," என்றார்.

"நீங்க அதை எழுத்துக்கூட்டிப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள மணி ரெண்டாயிரும் சார்."

வெளியே வந்து வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். இரண்டு தெரு தள்ளி மருந்துக்கடையில் வேலை அவருக்கு. மருந்துச் சீட்டை இரண்டு தடவை படிக்காமல் ஒரு மாத்திரை எடுத்துக் கொடுக்கமாட்டார். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வந்தார், நிறுத்தினார், இறங்கி என் ஹெல்மெட் பட்டையை இழுத்துப் பார்த்தார், பிறகு தன் பட்டையையும் இழுத்துப் பார்த்தார். எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது.

அவர் ஓட்டும் வேகம் முப்பது. மேட்டில் இருபத்தெட்டு.

"என்னங்க, சைக்கிள்காரன் நம்மளத் தாண்டிப் போறான்."

"அவனுக்கு ஏதாவது அவசரமா இருக்கும்."

"நமக்கு?"

சிக்னலில் மஞ்சள் விளக்கைப் பார்த்ததுமே நிறுத்திவிட்டார். பின்னால் இருந்த லாரிக்காரன் ஹாரனை அமுக்கியே பிடித்தான். நான் திரும்பி அவனை ஒரு முறை முறைத்தேன். மணி பன்னிரண்டு பத்து. இறங்கி ஓடிவிடலாம் போல இருந்தது.

"ஒண்ணு கேக்கவா?" என்றார். "கோவப்படக் கூடாது."

"கண்டிப்பா கோவப்படுவேன். கேளுங்க."

"அன்னிக்கு நீ கண்ணாடிய பாத்தியா?"

"பாத்தியாவா? நல்லாருக்கே! கட்டினவரே கேக்குறீங்களே! பதினஞ்சு வருஷமா என்ன பண்ணிக்கிட்டு இருக்கேன்? பாக்காம மூடுறதுக்கு அது என்ன உங்க கடை ஷட்டரா?"

"சரி, சரி. பாத்தேன்னா பாத்ததுதான்."

பச்சை விழுந்தது. அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு எடுத்தார்.

பாத்தேன்னா பாத்ததுதான். அந்த ஸ்டாப்பை மனசுக்குள் கொண்டுவந்தேன். கண்ணாடியில் காலியான நடைபாதை, ஒரு குப்பைத்தொட்டி. பளிச்சென்று தெரிகிறது. ஆனால் அது செவ்வாய்க்கிழமை பார்த்ததுதானா? ஒரு நாளைக்கு இருநூறு தடவை பார்க்கிற கண்ணாடி. அந்தக் குப்பைத்தொட்டியைத் திங்கட்கிழமையும் பார்த்தேன், போன மாசமும் பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமை என்று திட்டவட்டமாக ஞாபகம் இருந்தது வேறொன்று. முன்சீட்டில் ஒரு வழுக்கைத்தலை. வண்டி மாற்றியதில் பத்து நிமிஷம் தாமதம். "பொம்பளைங்ககிட்ட வண்டியக் குடுத்தா இப்படித்தான்" என்றான். நான் சும்மா விடுவேனா? திரும்பி அவனுக்கு நல்லா கொடுத்தேன். எந்த ஸ்டாப்பில் கொடுத்தேன்?

அவர் தோளைத் தட்டினேன்.

"என்னங்க," என்றேன். "கொஞ்சம் மெதுவாவே போங்க."

முப்பதில் போகிற மனுஷன். அதற்கும் அவர் தலையை ஆட்டினார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

கடைசி ஸ்டாப்பில் ஸ்பேர் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. மணி பன்னிரண்டு முப்பத்தொன்று. டிரைவர் எதிர் டீக்கடையில் இருந்தான். சாது என்று கூப்பிடுவோம். யாராவது அதட்டினால் கைகட்டி நிற்கிற பையன்.

"அக்கா! நீங்க எங்க இங்க? ரெண்டு டீ போடுங்கண்ணே, இவங்களுக்கும்!"

டீ வந்தது. உட்கார்ந்தேன். திறந்திருந்த முன்கதவு வழியாக, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் பெட்டியின் பச்சை விளக்கு மின்னி மின்னி அணைவது தெரிந்தது. அது பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது. நான் இந்த டீயைக் குடித்துவிட்டு, சாதுவிடம் நாலு வார்த்தை பேசிவிட்டு எழுந்தால் போதும். யாரையும் ஏமாற்ற வேண்டாம். ஒரு பொய் சொல்ல வேண்டாம். வர லேட்டாயிடுச்சுண்ணே என்று பெட்டிக்காரரிடம் சொன்னால் அவர் சந்தோஷமாகத் தலையாட்டுவார்.

லைசென்ஸ் போனால் நான் என்ன செய்வேன்? எனக்கு வேறு எந்த வேலை தெரியும்? இந்தப் பெரிய சக்கரத்தைத் திருப்புகிறபோது மட்டும்தான் என் கை நடுங்காமல் இருக்கும். அந்த அம்மா வலது காலால் மெஷின் மிதிக்கிறவர். ஆறு மாசத்துக்கு மிதிக்க முடியாது என்று டாக்டர் எழுதியிருப்பதை நானே படித்தேன். படித்துவிட்டு, நடிப்பு என்று டெப்போவில் பத்துப் பேர் கேட்கச் சொன்னேன்.

முப்பத்தைந்து. முப்பத்தாறு.

சாது ஏதோ தன் மாமியாரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். ஒன்றும் காதில் விழவில்லை. நான் பார்த்திருந்தால் பார்த்திருக்கிறேன். பார்க்காவிட்டால்? இனி ஒவ்வொரு ஸ்டாப்பிலும் கதவு பட்டனில் விரல் வைக்கும்போதெல்லாம் இதையே கேட்டுக்கொண்டிருப்பேனா? ஒரு விஷயம் தெரியாமல் என்னால் ஒரு ராத்திரி தூங்க முடியாது. இதை வைத்துக்கொண்டு எத்தனை வருஷம் ஓட்டுவது?

வீட்டுக்காரரைப் பார்த்தேன். ஏதாவது சொல்லித் தொலையேன் என்று இருந்தது.

"டீ ஆறுது," என்றார்.

சாது எழுந்து பின்பக்கத்தைத் தட்டிக்கொண்டான். "நேரமாச்சுக்கா, கிளம்புறேன்."

"சாவியக் குடு."

"அக்கா?"

"மெயின் சுவிட்ச் சாவியக் குடுடா. வண்டிய அணைக்கணும்."

"ஐயோ, உள்ள ஆள் உக்காந்திருக்கு. டைம் கீப்பர் என்னைக் கொன்னுடுவாரு."

"அவர் கொல்றதுக்கு முன்னாடி நான் கொன்னுடுவேன். குடு!"

கொடுத்துவிட்டான். ஏறிப்போய்த் திருகினேன். இஞ்சின் நின்றது, ஏ.சி. நின்றது, பச்சை விளக்கு அணைந்தது. மணி பன்னிரண்டு முப்பத்தொன்பது. உள்ளே உட்கார்ந்திருந்த ஏழெட்டுப் பேரும் என்னைத் திட்ட ஆரம்பித்தார்கள். என் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக நான் யாருக்கும் திருப்பிக் கொடுக்கவில்லை.

போன் செய்து வரச் சொன்ன பெட்டிக்காரர் வந்து சேர ஒன்றேகால் ஆகிவிட்டது. காலி பஸ்ஸில், முன்சீட்டில் லேப்டாப்பை வைத்துப் பெட்டியிலிருந்து டிஸ்க்கைக் கழற்றிச் செருகினார். வீட்டுக்காரர் எனக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இருக்கு," என்றார் பெட்டிக்காரர். "ரெண்டு நிமிஷத்துல தப்பிச்சிருக்கு."

திரையில் மூன்று கட்டங்கள். ஒன்றில் வெறும் சாலை. ஒன்றில் பின்கதவு. தையல்கார அம்மா இரண்டு கையிலும் துணிப்பை வைத்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்குகிறார். ஒரு கால் தரையில், ஒரு கால் படியில். மூன்றாவது கட்டத்தில் நான். என் தலை முழுக்கப் பின்னால் திரும்பியிருக்கிறது. விரலை நீட்டி வழுக்கைத்தலையோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். இன்னொரு கை, பார்க்காமலேயே, தானாகப் போய்ப் பட்டனை அழுத்துகிறது. கீழே ஓடிய வரியில் எழுத்து மாறியது. கதவு மூடல், மூன்று நாற்பத்தொன்று, ஏழு நொடி. ஆக்சிலரேட்டர், எட்டு நொடி. கண்ணாடிப் பக்கம் நான் திரும்பவே இல்லை.

வீட்டுக்காரரின் கை என் தோளில் விழுந்தது. பதிவு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

விழுந்ததும் நான் ஓடிப்போய்த் தூக்கினேன் என்றுதான் எனக்கு ஞாபகம். ஓடியிருக்கிறேன். தூக்கியும் இருக்கிறேன். ஆனால் அதற்கு முன்னால், கதவருகே போனதும் என் வாயிலிருந்து வந்தது கரகரவென்று கேட்டது.

"கண்ணு தெரியல? பாத்து எறங்க மாட்டீங்களா?"

தரையில் கிடந்த அந்த அம்மா வலியில் மூச்சு வாங்கிக்கொண்டே பதில் சொன்னார்.

"மன்னிச்சிரும்மா. நான் கொஞ்சம் மெதுவா எறங்கிட்டேன்."

பெட்டிக்காரர் சட்டென்று நிறுத்தினார். எழுதிக் கொடுத்த புகாரில் நான் கத்தியதைப் பற்றி அந்த அம்மா ஒரு வரிகூட எழுதவில்லை. நான் அதைப் பத்துத் தடவை படித்திருக்கிறேன்.

"விசாரணைக்குக் கேட்டிருக்கிறது படமும் இந்த வரியும் மட்டும்தான்," என்றார் அவர், என் முகத்தைப் பார்க்காமல். "சவுண்டு கேக்கல. அதை எடுத்துட்டு காப்பி போட்டுத் தரேன். அந்த அசிங்கமாவது மிச்சமாகட்டும்."

"சவுண்டோட போடுங்கண்ணே."

"எதுக்கும்மா? வேலை போறது போதாதா?"

"அவங்க என்கிட்ட மன்னிப்பு கேட்டிருக்காங்கண்ணே. காலு ஒடஞ்சு கீழ கெடக்கும்போது, என்கிட்ட..."

பெட்டிக்காரர் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, சவுண்டோடு காப்பி போட ஆரம்பித்தார்.